இறுதி நபித்துவம்: யார் என்ன சொல்கிறார்கள் என்று குழம்பாமல் படிப்பது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சுன்னத் ஜமாஅத்தைச் சேர்ந்தவன். முஹம்மது நபி (ஸல்) அவர்களுக்குப் பிறகு எந்த நபியும் வர மாட்டார் என்பது என் ஈமான், அதில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் நம் ஆட்கள் வாதாடும் விதத்தைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. எதிரில் இருக்கும் அஹ்மதி (மிர்ஸா குலாம் அஹ்மதைப் பின்பற்றுபவர்) என்ன நம்புகிறார் என்று அவரிடமே கேட்காமல், யாரோ அனுப்பிய வீடியோவை வைத்துக்கொண்டு, அவர்களுக்குக் கலிமா வேறு, குர்ஆன் வேறு என்றெல்லாம் பேசுகிறார்கள். அது உண்மை இல்லை. உங்கள் நம்பிக்கையில் உறுதியாக இருந்துகொண்டே மற்றவர்கள் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியும், அதற்கு எப்படிப் படிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யாருடைய புத்தகத்தைத் திறந்தாலும் கையில் மூன்று கேள்விகள் இருக்கட்டும்: இவர் பார்வையில் நபி என்றால் யார், எது முடிந்துவிட்டது என்கிறார், எது இன்னும் தொடர்கிறது என்கிறார்? சண்டையில் பாதி, ஒரே சொல்லை ஆளுக்கு ஓர் அர்த்தத்தில் பயன்படுத்துவதால் வருவது. இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள்.

தொடங்க வேண்டிய இடம் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 40வது வசனம். முஹம்மது உங்கள் ஆண்களில் யாருக்கும் தந்தை இல்லை, அவர் அல்லாஹ்வின் தூதர், நபிமார்களின் முத்திரை என்பது அதன் சாரம். இதை மட்டும் தனியாக எடுக்காமல் 36வது வசனத்திலிருந்து படியுங்கள். நபிகளார் மகனைப் போல வளர்த்த ஸைத் இப்னு ஹாரிஸா, அவர் தலாக் சொன்ன ஸைனப் பின்த் ஜஹ்ஷ், வளர்ப்பு மகன் சொந்த மகன் ஆகமாட்டான் என்ற சட்டம், இவைதான் பின்னணி. யாருக்கும் தந்தை இல்லை என்று சொன்ன கையோடு ஏன் முத்திரைப் பேச்சு வருகிறது? ஆண் வாரிசு வளர்ந்து அவரும் நபியாவதற்கு வழியில்லை, நபித்துவம் இவரோடு முடிந்தது என்பதால் என்று நம் முஃபஸ்ஸிர்கள் (குர்ஆன் விரிவுரையாளர்கள்) பலர் எழுதுகிறார்கள். அஹ்மதிகளோ, உடல்வழித் தந்தை இல்லாவிட்டாலும் ஆன்மிகத் தந்தை அவர், அவருடைய முத்திரை விழாமல் இனி யாரும் அந்த நிலையை அடைய முடியாது என்று படிக்கிறார்கள். மொத்தச் சர்ச்சையும் இந்த ஒரு வசனத்துக்குள்ளேயே இருக்கிறது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. அஹ்மதிய்யா குர்ஆன் பதிப்புகளில் அத்தியாயத் தொடக்கத்தில் வரும் பிஸ்மில்லாஹ்வையும் ஒரு வசனமாக எண்ணுவதால் எண் ஒன்று கூடிவிடும். நம்மிடம் 33:40 என்று இருப்பது அங்கே 33:41, நம்முடைய 4:69 அங்கே 4:70. இது தெரியாமல், இல்லாத வசனத்தைக் காட்டுகிறார்கள் என்று குற்றம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதே போல, நாம் ஓதும் ஹஃப்ஸ் வழி ஓதலில் முத்திரை என்ற அந்தச் சொல் காத்தம், மொராக்கோ பக்கம் ஓதும் வர்ஷ் வழியில் காத்திம். காத்திம் என்றால் முடித்து வைப்பவர் என்பது நேரடி அர்த்தம். காத்தம் என்பதற்கு முத்திரை, கடைசி இரண்டும் பொருந்தும், உறையை மூடி முத்திரை போட்டால் அதோடு முடிந்தது என்பது நம் ஆலிம்களின் விளக்கம். முத்திரை என்பது சான்றும் சிறப்பும்கூட என்பது அஹ்மதிகளின் விளக்கம். அகராதியை வைத்து மட்டும் இதைத் தீர்க்க முடியாது, ஹதீஸ்களுக்கு (நபிகளாரின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகளுக்கு) போக வேண்டும்.

ஹதீஸ்களில் வலுவானவற்றிலிருந்து தொடங்குங்கள். தபூக் போருக்குக் கிளம்பும்போது அலீ (ரலி) அவர்களை மதீனாவில் விட்டுச் செல்லும் நபிகளார், மூஸாவுக்கு ஹாரூன் எப்படியோ அப்படி நீர் எனக்கு, ஆனால் எனக்குப் பிறகு நபி இல்லை என்று சொன்னது புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் நூல்கள் இரண்டிலும் இருக்கிறது. ஒரு செங்கல் மட்டும் வைக்காமல் விட்ட அழகான வீடு, அந்தக் கடைசிச் செங்கல் நானே என்ற ஹதீஸும் அப்படித்தான். ஹாரூன் (அலை) மூஸாவின் ஷரீஅத்துக்குள் இருந்த நபி, தனிச் சட்டம் கொண்டுவந்தவர் இல்லை. அந்த ஒப்பீட்டுக்கு நடுவிலேயே "எனக்குப் பிறகு நபி இல்லை" என்று வருவதால், சட்டம் கொண்டுவராத நபிக்கும் கதவு மூடிவிட்டது என்பது நம் தரப்பின் மிக வலுவான வாதம் என்று நான் நினைக்கிறேன். மறுதரப்பு, என் ஷரீஅத்தை மாற்றும் நபி இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம் என்கிறது.

அவர்கள் காட்டும் ஹதீஸ்களையும் தேடிப் பாருங்கள். நபிகளாரின் குழந்தை இப்ராஹீம் உயிரோடு இருந்திருந்தால் உண்மையான நபியாகியிருப்பார் என்ற இப்னு மாஜா ஹதீஸ் நூலின் அறிவிப்பு அடிக்கடி வரும். அதை அறிவித்தவர்களின் தொடரில் வரும் இப்ராஹீம் இப்னு உஸ்மான் பலவீனமானவர் என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். புகாரியிலேயே ஸஹாபியான (நபித்தோழரான) இப்னு அபீ அவ்ஃபா (ரலி), முஹம்மதுக்குப் பிறகு ஒரு நபி உண்டு என்று விதிக்கப்பட்டிருந்தால் அவர் மகன் வாழ்ந்திருப்பார், ஆனால் அவருக்குப் பிறகு நபி இல்லை என்கிறார். எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் எந்த நூல், தொடர் எப்படி, சொன்னது நபிகளாரா, ஸஹாபியா என்று கேளுங்கள், நம் தரப்பு காட்டும் ஹதீஸ்களிடமும்தான்.

அப்புறம் ஈஸா நபி (அலை), அதாவது இயேசு, விஷயம். இங்கேதான் நம்மில் பலர் திணறுவார்கள். கடைசி நபி முஹம்மது என்கிறீர்கள், ஈஸா திரும்பி வருவார் என்றும் நம்புகிறீர்கள், அப்படியானால் அவருக்குப் பிறகு ஒரு நபி வருகிறாரே என்று கேட்பார்கள். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸமக்ஷரீ தன் தஃப்ஸீரில் (குர்ஆன் விரிவுரையில்) இதே கேள்வியை எழுப்பி, நபிகளாருக்குப் பிறகு புதிதாக யாருக்கும் நபித்துவம் தரப்படாது, ஈஸாவோ முன்பே நபியாக்கப்பட்டவர், வரும்போது முஹம்மதின் ஷரீஅத்தின்படிதான் நடப்பார் என்று பதில் எழுதியிருக்கிறார். சுன்னி அறிஞர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில் இதுதான்.

இப்போது அஹ்மதிய்யா. ஒரே பெயரில் இரண்டு கொள்கைகள் இருப்பதால் இதற்குக் கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்குங்கள். பஞ்சாபின் காதியானில் பிறந்த மிர்ஸா குலாம் அஹ்மத் 1889இல் லூதியானாவில் பைஅத் (விசுவாச உறுதிமொழி) வாங்கத் தொடங்கினார். ஈஸா நபி இயற்கையாக இறந்துவிட்டார், வாக்களிக்கப்பட்ட மஸீஹ் (மெசியா) நானே என்று 1891இல் அறிவித்தார். 1908இல் இறந்தார். 1914இல் இயக்கம் இரண்டாகப் பிரிந்தது. இன்று கலீஃபாவின் தலைமையில் இருக்கும் பெரிய பிரிவு, அவர் நபிதான், ஆனால் புதிய ஷரீஅத் இல்லாத, முஹம்மது நபியைப் பின்பற்றியதால் மட்டுமே அந்த நிலையைப் பெற்ற உம்மத்தி நபி, நிழல் போன்ற நபி என்கிறது. 4:69இல் அல்லாஹ்வுக்கும் தூதருக்கும் கீழ்ப்படிவோர் நபிமார்களுடன் இருப்பார்கள் என்று வருவதை இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறது. மௌலானா முஹம்மது அலீயின் லாகூர் பிரிவு இதை மறுக்கிறது: முஹம்மதுக்குப் பிறகு பழைய நபியும் இல்லை, புதிய நபியும் இல்லை, மிர்ஸா ஒரு முஜத்தித் (மார்க்கத்தைப் புதுப்பிப்பவர்), அவர் எழுத்தில் வரும் நபி என்ற சொல் உருவகம்தான் என்கிறது.

மிர்ஸாவின் எழுத்துகளைப் படிக்கும்போது ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 1901இல் தன் நபித்துவம் பற்றி அவர் ஒரு சிறு பிரசுரம் எழுதினார். அதற்கு முன் எழுதியவற்றில் நான் நபி இல்லை என்று வரும் இடங்கள் உண்டு. அவர் மகனும் இரண்டாம் கலீஃபாவுமான மிர்ஸா மஹ்மூத் அஹ்மத், 1901 வாக்கில் விளக்கம் மாறியது, பழைய மறுப்புகளை இனி ஆதாரமாகக் கொள்ள முடியாது என்றார். எதுவும் மாறவே இல்லை என்பது லாகூர் பிரிவின் வாதம். ஆண்டு போடாமல் வரும் மேற்கோள் எந்தப் பக்கத்துக்கும் உதவாது.

துண்டு மேற்கோளின் ஆபத்து நம் பக்கத்திலும் இருக்கிறது. வட இந்தியாவின் தேவ்பந்த் மதரஸாவைச் சேர்ந்த மௌலானா காஸிம் நானோத்தவி 1870களில் எழுதிய தஹ்ஸீருன் நாஸ் என்ற நூலில், முத்திரை என்பது முதலில் தரத்தின் உச்சத்தைக் குறிக்கிறது, ஒரு பேச்சுக்கு அவருக்குப் பிறகு நபி வந்தாலும் அந்த உச்சத்துக்குக் குறைவு வராது என்ற வாக்கியம் வருகிறது. அஹ்மத் ரஸா கான் பரேல்வி 1906இல் இதற்காகக் குஃப்ர் ஃபத்வா (இறைமறுப்பு என்ற மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தார், அஹ்மதிகளும் இதே வாக்கியத்தைத் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுகிறார்கள். ஆனால் காலத்தாலும் அவரே கடைசி, அதை மறுப்பவன் காஃபிர் என்று அதே நூலில் நானோத்தவி எழுதியிருப்பதாக தேவ்பந்திகள் பக்கத்தைக் காட்டுகிறார்கள். சூஃபி ஞானி இப்னு அரபியிடமும் இதே கவனம் வேண்டும். முடிந்தது சட்டம் கொண்டுவரும் நபித்துவம் என்று அவர் எழுதுகிறார், தொடர்வது என்று அவர் சொல்வது வலிமார்களின் (இறைநேசர்களின்) நிலையைத்தான் என்கிறார்கள் அவரைப் படித்த சூஃபிகள்.

ஷியாக்கள் தாங்கள் ஏற்கும் வழிகாட்டிகளான இமாம்களை நபியாக்கிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, அதை நம்பாதீர்கள். நபிகளாரே கடைசி நபி என்பதில் அவர்களும் உறுதியானவர்கள். ரஸூல் (தூதர்), நபி, இமாம் மூவருக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களுடைய ஹதீஸ் தொகுப்பான அல்காஃபியில் தனிப் பாடமே இருக்கிறது, இமாம் வானவரின் குரலைக் கேட்பார், அவரைப் பார்க்க மாட்டார் என்று அது போகிறது. நமக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனாலும் அது நபித்துவ உரிமைகோரல் இல்லை.

அமெரிக்காவின் டூசான் நகரில் இருந்த ரஷாத் கலீஃபா, நபி என்றால் வேதம் கொண்டுவருபவர், ரஸூல் என்றால் இருக்கிற வேதத்தை உறுதிப்படுத்துபவர், முடிந்தது நபிமார்கள் மட்டும் என்று சொல்லித் தன்னை ரஸூல் என்று அறிவித்தார். நம் அறிஞர்களிடம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு, ரஸூல் எல்லாரும் நபிதான், நபி எல்லாரும் ரஸூல் இல்லை. முதல் கேள்வியை ஏன் முதலில் கேட்கச் சொன்னேன் என்பது இவர் வாதத்தைப் படித்தால் விளங்கும். பஹாயிகள் தங்களைத் தனி மதமாகவே சொல்கிறார்கள், ஒரு யுகம் முடிந்து இன்னொன்று தொடங்கியது என்பது அவர்கள் விளக்கம், ஆகவே அவர்களை இந்த விவாதத்துக்குள் இழுத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கொள்கையைப் படித்து முடித்த பிறகு சட்டத்துக்கு வாருங்கள், இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அஹ்மதியாக மாறியவரின் திருமணம் முறிந்துவிடுமா என்ற கேள்வி இரண்டு நீதிமன்றங்களுக்குப் போனது. மலபாரிலிருந்து வந்த வழக்கில் 1922இல் மெட்ராஸ் உயர் நீதிமன்றம், அஹ்மதியானவர் முஸ்லிம்தான், திருமணம் முறியாது என்றது. பஹவல்பூர் சமஸ்தான நீதிமன்றம் 1935இல், அவர் மார்க்கத்தை விட்டு வெளியேறியவர், திருமணம் செல்லாது என்றது. 1974இல் பாகிஸ்தான் அரசியல் சட்டத் திருத்தம், நபித்துவம் கோருபவரை நபியாக மட்டுமல்ல, சீர்திருத்தவாதியாக ஏற்பவரும் முஸ்லிம் அல்ல என்று எழுதியதால், மிர்ஸாவை நபி இல்லை என்று சொல்லும் லாகூர் பிரிவும் அதற்குள் வந்துவிட்டது. 1984இன் அவசரச் சட்டம், அஹ்மதிகள் தங்கள் தொழுமிடத்தை மஸ்ஜித் என்று சொன்னாலும், பாங்கு சொன்னாலும் மூன்று ஆண்டுவரை சிறை என்றது. 2010 மே 28 அன்று லாகூரில் அவர்களுடைய இரண்டு தொழுமிடங்களில் ஜும்ஆ நேரத்தில் நடந்த தாக்குதலில் 80க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவருடைய அகீதா (கொள்கை) தவறு என்று சொல்வது எனக்கு மார்க்கம் தந்த உரிமை, அவர் உயிருக்கோ வீட்டுக்கோ ஆபத்து வரும்படி பேச யாருக்கும் எந்த உரிமையும் இல்லை, இதில் 'ஆனால்' என்று யாராவது தொடங்கினால் நான் கேட்கத் தயாராக இல்லை.

நேரில் பேச உட்கார்ந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். காதியானி, மிர்ஸாயி என்பவை அவர்களை வேதனைப்படுத்தும் பெயர்கள், அஹ்மதி என்றே சொல்லுங்கள், அப்படிச் சொல்வதால் உங்கள் ஈமான் குறையாது. எந்தப் பிரிவு என்று முதலில் கேளுங்கள், இல்லாவிட்டால் லாகூர்க்காரரிடம் அவர் நம்பாத ஒன்றுக்கு மறுப்புச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். மிர்ஸா இப்படி எழுதினார் என்று ஏதாவது வந்தால், அவருடைய நூல்தொகுப்பான 'ரூஹானி கஸாயின்' என்பதன் 23 பாகங்களில் எந்தப் பாகம், எந்தப் பக்கம் என்று கேட்டு, உருது தெரிந்த ஒருவரை வைத்து முன்னும் பின்னும் சேர்த்துப் படித்த பிறகு பேசுங்கள். அதே விதியை அவர்கள் இப்னு அரபியையும் நானோத்தவியையும் காட்டும்போது அவர்களிடமும் கேளுங்கள், மூல நூலோடு வருபவரிடம் உட்கார்ந்து பேசலாம், வெறும் படத்துண்டோடு வருபவரிடம் பக்க எண்ணை வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.