பல டிரைவர் இயர்போன் பிளேயருக்குப் பிளேயர் ஏன் மாறி ஒலிக்கிறது? மல்டிமீட்டர் வைத்து அளந்து பார்க்கும் வழி

ஒரே இயர்போன், ஒரே பாட்டு. போனில் பேஸ் மெலிந்து கிடக்கிறது. டாங்கிளில் (போனில் செருகும் சிறு ஹெட்போன் அடாப்டர்) போட்டால் திரும்பி வந்துவிடுகிறது. உடனே பழி டேக் சிப்பின் (டிஜிட்டல் கோப்பை ஒலி சிக்னலாக மாற்றும் சிப்) மேல் விழும். பெரும்பாலும் சிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிளேயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் (அதன் அவுட்புட்டுக்குள்ளேயே இருக்கும் மின்தடை), இரண்டு பிளேயர்களுக்கும் இடையே உள்ள வால்யூம் வித்தியாசம், இந்த இரண்டும்தான் முக்கியக் காரணம். இரண்டையும் மல்டிமீட்டரால் அளக்கலாம்.

டிரைவர் என்பது இயர்போனுக்குள் ஒலியை எழுப்பும் பகுதி. ஒற்றை டைனமிக் டிரைவரிலும் (சுருளும் காந்தமும் கொண்ட சாதாரண வகை) பிளானரிலும் (தட்டையான சவ்வு வகை) இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (சிறு உலோகத் தகடு அதிரும் வகை) டிரைவர்களை கிராஸ்ஓவரோடு (அதிர்வெண்களை டிரைவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சுற்று) சேர்த்துக் கட்டிய இயர்போனில் அப்படி இல்லை. பேஸில் 8 ஓம், 6000 ஹெர்ட்ஸில் 40 ஓம் என்று ஓர் இயர்போனை எடுத்துக்கொள்வோம். பிளேயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் 10 ஓம் என்றால் பேஸில் 7 டெசிபெல் இழப்பு, மேலே 2 டெசிபெல் மட்டுமே. ஆக, 5 டெசிபெல் சாய்வு. யார் காதிலும் விழும். அதுவே 1 ஓம் பிளேயர் என்றால் சாய்வு 0.8 டெசிபெல்தான்.

திசை எப்போதும் இதேதான் என்று நினைத்துவிட வேண்டாம். சில மாடல்களில் கிராஸ்ஓவர் கெப்பாசிட்டரால் உச்ச அதிர்வெண்ணில்தான் இம்பீடன்ஸ் குறையும். அவற்றை அதிக இம்பீடன்ஸ் உள்ள பிளேயரில் மாட்டினால் ட்ரெபிள் மங்கும்.

தேவையானவை

10 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர் இரண்டு (கால் வாட் தாராளம்). ஸ்க்ரூ டெர்மினல் வைத்த 3.5 மி.மீ. பிளக் ஒன்று. சால்டரிங்கை விட இதுதான் நிம்மதி. 100 ஹெர்ட்ஸ், 1000 ஹெர்ட்ஸ் சைன் டோன் கோப்புகள். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் உருவாக்கி வேவ் கோப்பாகச் சேமியுங்கள்.

மல்டிமீட்டரில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். மலிவான மீட்டர்களில் ஏசி அளவு 200 வோல்ட்டில்தான் தொடங்கும். அதில் 150 மில்லிவோல்ட்டை வைத்தால் 0.1 அல்லது 0.2 என்று காட்டிவிட்டு நிற்கும். ஏசியில் மில்லிவோல்ட் வரம்பு உள்ள மீட்டர், 0.1 மில்லிவோல்ட் வரை படிப்பது, கட்டாயம் வேண்டும். டிசி மில்லிவோல்ட் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். 100 ஹெர்ட்ஸைத் தேர்ந்ததற்கும் இதுதான் காரணம்: சாதாரண மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் துல்லியம் இழக்கும்.

அளப்பது

1. ஈக்யூ (ஈக்வலைசர்), டால்பி, ரீப்ளேகெயின் (பாட்டுக்குப் பாட்டு வால்யூமைத் தானே மாற்றும் வசதி) எல்லாவற்றையும் அணையுங்கள். ஆண்ட்ராய்டில் ஒலி அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் டால்பியையும் சேர்த்து.

2. பிளக்கை மட்டும் செருகி 100 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டுங்கள். முனைக்கும் (இடது) அடிப்பகுதிக்கும் (கிரவுண்ட்) இடையே 150 மில்லிவோல்ட் வரும்வரை வால்யூமை ஏற்றுங்கள். இயர்போனை இந்த டோனோடு காதில் வைக்கவே கூடாது. 9 ஓம், மில்லிவாட்டுக்கு 114 டெசிபெல் என்ற ஷூர் எஸ்இ846 போன்ற ஒன்றில் 150 மில்லிவோல்ட் என்பது சுமார் 118 டெசிபெல்.

3. வால்யூமைத் தொடாமல் 10 ஓம் ரெசிஸ்டரை அதே இரு முனைகளுக்கும் குறுக்கே போட்டு மறுபடி படியுங்கள்.

4. முதல் அளவிலிருந்து இரண்டாம் அளவைக் கழித்து, இரண்டாம் அளவால் வகுத்து, 10-ஆல் பெருக்குங்கள். 150 வந்தது 136.4 ஆனால் அவுட்புட் இம்பீடன்ஸ் 1 ஓம். 75 ஆகிவிட்டால் 10 ஓம்.

இயர்போனின் குறைந்தபட்ச இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் கவலை இல்லை. பெட்டியில் அச்சடித்த எண் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கானது. குறைந்தபட்சம் அதற்கும் கீழே இருக்கலாம். இம்பீடன்ஸ் வரைபடம் கிடைத்தால் அதைத்தான் நம்ப வேண்டும்.

பழைய பிளேயர் என்றால் ரெசிஸ்டரோடு 20 ஹெர்ட்ஸ் டோனையும் ஓட்டிப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸை விட வெகுவாகக் குறைந்தால் அவுட்புட்டில் கெப்பாசிட்டர் இருக்கிறது. 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு 9 ஓம் இயர்போனை மாட்டினால் 80 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் போய்விடும். இதை ஈக்யூவால் சரிக்கட்டுவதை விட வேறு பிளேயருக்கு மாறுவது மேல்.

வால்யூமைச் சமன் செய்யாமல் தீர்ப்பு சொல்ல வேண்டாம்

அரை டெசிபெல் கூடுதலாக ஒலித்தாலே அந்த பிளேயர் "தெளிவாக" இருப்பதாகத் தோன்றும். ஸ்ப்ளிட்டர் (ஒரு அவுட்புட்டை இரண்டாகப் பிரிப்பது) ஒன்றைப் போட்டு ஒரு பக்கம் இயர்போன் (மேஜை மேல்), மறுபக்கம் மீட்டர். வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் 1000 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, இரண்டு பிளேயர்களையும் 2 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். இங்கே ஒப்பீடுதான் வேண்டும். மீட்டர் பிசகினாலும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் பிசகும். வால்யூம் படிகள் தடியாக இருந்தால் பாட்டு ஆப்பின் பிரீஆம்ப் (ஆப்புக்குள்ளேயே ஒலியளவை நுணுக்கமாக மாற்றும் அமைப்பு) கைகொடுக்கும்.

ஸ்ஸ்ஸ் இரைச்சல்

பாட்டை நிறுத்தியும், வால்யூமைக் குறைத்தும் இரைச்சல் மாறவில்லையா? அது வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் ஆம்பில் (சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) பிறப்பது. மேலே சொன்ன எஸ்இ846-இல் 5 மைக்ரோவோல்ட் இரைச்சலே 28 டெசிபெல் ஆகிவிடும். அமைதியான அறையில் கேட்கும். 2 மைக்ரோவோல்ட் என்றால் 20 டெசிபெல் சொச்சம், பெரும்பாலும் கவனத்துக்கு வராது.

இதற்கு இயர்போனோடு தொடராக ஒரு ரெசிஸ்டரைச் சேர்க்கும் அடாப்டர்களை விற்பார்கள். இரைச்சல் குறையும், ஆனால் அவுட்புட் இம்பீடன்ஸ் ஏறி அதே சாய்வு திரும்ப வரும். ஒவ்வொரு சேனலுக்கும் தொடராக 10 ஓம், அதற்குப் பின் இயர்போனுக்குக் குறுக்கே 1 ஓம் போடுங்கள். இரைச்சலும் இசையும் சேர்ந்து சுமார் 21 டெசிபெல் இறங்கும், இயர்போன் பார்க்கும் இம்பீடன்ஸ் 1 ஓமுக்குள் இருக்கும். பிளேயர் 16 ஓமுக்குக் குறைந்த சுமையைத் தாங்காது என்றால் 10-க்குப் பதில் 15.

பிற்சேர்க்கை

எல்ஜி வி20, வி30 போன்ற போன்களில் வெறும் பிளக்கைச் செருகினால் கணக்கு தாறுமாறாக வருவதாகச் சிலர் கேட்டிருந்தார்கள். இவை செருகும் நேரத்தில் இம்பீடன்ஸைப் பார்த்து, 50 ஓமுக்கு மேல் இருந்தால் வோல்ட்டேஜை உயர்த்திவிடும். இரண்டு சேனலிலும் 10 ஓம் ரெசிஸ்டரை மாட்டிய நிலையிலேயே பிளக்கைச் செருகுங்கள். டோன் ஓடும்போது இடது ரெசிஸ்டரை மட்டும் கழற்றினால் முதல் அளவு கிடைக்கும்.

4.4 மி.மீ. பேலன்ஸ்டு அவுட்புட்டை (இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பிளஸ், மைனஸ் உள்ளது) அளப்பவர்கள் இடது பிளஸ்ஸுக்கும் இடது மைனஸுக்கும் இடையே மட்டும் புரோபை வையுங்கள். இரண்டு மைனஸ்களையும் சேர்த்துக் கட்டினால் ஆம்ப் கெட்டுப்போகலாம். சேனலுக்கு இரண்டு ஆம்ப் வேலை செய்வதால், அதே பிளேயரின் 3.5 மி.மீ. அவுட்புட்டைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இம்பீடன்ஸ் அங்கே வரும். பல டிரைவர் இயர்போனுக்கு இரைச்சல் குறைவான 3.5 மி.மீ. அவுட்புட்டையே நான் தேர்வேன்.