பிரான்ஸ் காருடன் லண்டனில் குடியேறுகிறீர்களா?

பிரான்ஸிலிருந்து லண்டனுக்குக் குடிபெயரும் தம்பி, கொக்குவில் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டான்: "அண்ணா, பிரான்ஸ் இலக்கத்தகட்டோடு ஆறு மாதம் ஓடலாம்தானே?"

சுற்றிப் பார்க்கப் போனவர் ஓடலாம். குடியிருக்கப் போனவருக்கு அந்த ஆறு மாதம் கிடையாது. யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் வருபவர்கள் பலரும் இதை மாற்றித்தான் சொல்கிறார்கள்! கார் பிரித்தானியாவுக்குள் வந்து 14 நாள்களுக்குள் வரித் திணைக்களத்துக்கு அறிவித்து, பிறகு அங்கே பதிய வேண்டும்.

பதிவுக்கு முன் முகப்பு விளக்கை மாற்றுங்கள். வலப்பக்கம் ஓடும் நாட்டுக்கான விளக்கு, இடப்பக்கம் ஓடும்போது எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். வேகமானி மைலில் காட்ட வேண்டும். பின்புற மூடுபனி விளக்கு வலப்புறமோ நடுவிலோ இருக்க வேண்டும். பிரான்ஸ் கார்கள் சிலவற்றில் அது இடப்புறம் மட்டுமே இருக்கும்.