பங்க் ராக் கிட்டார் டோனில் நாம் செய்யும் தவறுகள்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட அறை ஒன்று இருக்கிறது. அங்கே மாதக்கணக்கில் தனியாக உட்கார்ந்து என் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஒரு டோன், அதாவது சத்தத்தின் குணம், அமைத்தேன். ஆம்ப்ளிஃபயரில் கெயின் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் நாப்) முழுக்க, பாஸ் (அடிச்சத்தம்) முழுக்க, மிட் (நடுச்சத்தம்) பூஜ்யம். தனியாகக் கேட்க அருமையாக இருந்தது. டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேர்ந்த முதல் நாளே என் கிட்டார் காதில் விழவில்லை.

பங்க் என்றதும் கெயினைத்தான் முதலில் ஏற்றுகிறோம். கெயின் கூடக்கூட சத்தம் நசுங்கிச் சமமாகிவிடும். நீங்கள் ஓங்கி அடித்தாலும் மெதுவாக அடித்தாலும் ஒன்றுபோலக் கேட்கும். கீழ்நோக்கி அடிக்கும் வேகமான டவுன்ஸ்ட்ரோக்கின் குத்தும் அதோடு போய்விடும். கெயின் நாபைப் பாதியில் வைத்துத் தொடங்குங்கள். பல கம்பிகளைச் சேர்த்து ஒரு கார்டை அடித்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ரெக்கார்டிங்கில் கேட்கும் அந்தத் தடிமன் பெரும்பாலும் கெயினால் வருவதில்லை. ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கை) இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் வைப்பதால் வருவது. முதல் டேக்கையே காப்பி எடுத்து வைத்தால் சத்தம் கூடுமே தவிர அகலம் வராது.

அடுத்தது மிட். கிட்டாரின் அடிக்கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ், பாஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41. நம் பாஸ் நாபை ஏற்றினால் பாஸ் கிட்டாரின் இடத்தில்தான் போய் முட்டுகிறோம். நமக்கு உரிய இடம் நடுவில் இருக்கிறது. பாஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 5 என்று வைத்துப் பாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அறையில் அமைத்ததை பேண்டின் வால்யூமில் மறுபடி சரிபார்ப்பதும் அவசியம். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு பாஸ் குறைவாகத்தான் கேட்கும்.

கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வைக்கும் ட்யூப் ஸ்க்ரீமர் வகை பெடலில் டிரைவை (பெடலின் கெயினை) ஏற்ற வேண்டாம். டிரைவ் கிட்டத்தட்ட பூஜ்யம், லெவல் அதிகம். அது பாஸைக் குறைத்து மிட்டைத் தூக்கும், பாம் மியூட் (கை ஓரத்தைக் கம்பியில் லேசாக வைத்து அடிப்பது) இறுகும்.

திருவிழா மேடையில் ஆம்ப் கிடைக்காமல் பெடலை நேராக மிக்ஸரில் செருகினால் தேன்கூடு கலைந்தது போல இரையும். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடும், மேடை ஸ்பீக்கர் அடங்காது. கேப் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் சத்தத்தை மாற்றும் வசதி) உள்ள பெடல் ஒன்று கையில் இருக்கட்டும்.

அப்புறம் எர்த். ஓயாத 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு எர்த் இல்லாத பிளக் பாயிண்டும் ஒரு காரணம். நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது சத்தத்தை அடைக்கும் கருவி) அதை மறைக்கும், சரிசெய்யாது. எர்த் இல்லாத இடத்தில் மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கலாம். வாசிக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிளக்கின் மூன்றாவது பின்னை மட்டும் ஒருபோதும் உடைக்காதீர்கள்.