டார்ட்மூரில் ஒரு வாரம், சொந்தச் சமையலோடு: முதல்முறை போகிறவர்களுக்கு

ஹோட்டல் வேண்டாம், ஒரு வீடு எடுத்து நாமே சமைத்துச் சாப்பிட்டு ஒரு வாரம் இருக்கலாம் என்று இங்கிலாந்தில் யாராவது கேட்டால், நான் முதலில் கைகாட்டுவது டெவனில் இருக்கும் டார்ட்மூரைத்தான். 1951-இல் தேசியப் பூங்காவானது. 954 சதுர கிலோமீட்டர். தேசியப் பூங்கா என்றதும் அடர்ந்த காட்டை நினைக்க வேண்டாம். பெரும்பகுதி மரமே இல்லாத மேட்டு நிலம், அதுதான் 'மூர்': முரட்டுப் புல், ஹெதர் புதர், தண்ணீரில் ஊறிய கரிய மண், நடுநடுவே யாரோ அடுக்கி வைத்தது போல கிரானைட் பாறைக் குவியல்கள். அந்தக் குவியலை அங்கே 'டோர்' என்பார்கள்.

படி 1: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

படத்தில் தனியாக நிற்கும் கல்வீட்டைப் பார்த்து மயங்கி, மூரின் நட்டநடுவில் எடுத்துவிடாதீர்கள். முதல்முறைக்கு கிழக்கு ஓரம்தான் நல்லது: போவி ட்ரேஸி, ஆஷ்பர்ட்டன், சாக்ஃபர்ட், மோர்ட்டன்ஹாம்ப்ஸ்டெட் பக்கம். கடை இருக்கும், நல்ல நடைகளும் அருகிலேயே. இன்னொரு காரணம் மழை. அது அட்லாண்டிக்கிலிருந்து வருகிறது. மேற்கிலும் பிரின்ஸ்டவுன் மேட்டிலும் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் கிழக்கே எட்டிப் பார்க்கும்.

படி 2: பதிவு செய்யும் முன் கேளுங்கள்

வார வாடகை பெரும்பாலும் வெள்ளி அல்லது சனியில் தொடங்கும். மாலை 4 மணிக்கு உள்ளே, கிளம்பும் நாள் காலை 10 மணிக்கு வெளியே. ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியப் பள்ளி விடுமுறை, வாடகை எகிறும். செப்டம்பர் முதல் வாரங்கள் என் தேர்வு. ஹெதரின் ஊதாப் பூவில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை: விறகு வாடகையில் சேர்த்தியா, துண்டு தருவார்களா, கார் எங்கே நிறுத்துவது. எல்லாவற்றையும்விட முக்கியம், அடுப்பு என்ன வகை? இண்டக்‌ஷன் என்றால் உங்கள் அலுமினியக் குக்கர் வெறும் அலங்காரப் பொருள். இண்டக்‌ஷனுக்கு ஏற்ற அடி உள்ள ஸ்டீல் குக்கராக எடுத்துப் போங்கள். பழைய பண்ணை வீடுகளில் 'ஆகா' என்ற கனத்த இரும்பு அடுப்பு இருக்கலாம். நாள் முழுக்கச் சூடாகவே இருக்கும். குழம்பு கொதிக்கவிட அருமை, தோசைக்குச் சரிப்படாது.

படி 3: போய்ச் சேருங்கள்

லண்டன் பேடிங்டனிலிருந்து எக்ஸிட்டருக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கே காரை வாடகைக்கு எடுக்கலாம். ஓக்ஹாம்ப்டன் வரை ரயில் 2021 நவம்பரிலிருந்து மீண்டும் தினமும் ஓடுகிறது. ஆனாலும் மூருக்குள் சுற்ற கார் இல்லாமல் கஷ்டம்.

கார் சின்னதாக இருக்கட்டும். கிராமத்துச் சந்துகள் ஒரு வண்டி அகலம்தான். இருபக்கமும் ஆளுயர மண்மேட்டு வேலி. எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் போக வேண்டியது அநேகமாக நீங்கள்தான். ரிவர்ஸ் நன்றாகப் பழகிக்கொண்டு வாருங்கள். கடைசி சில மைல்களுக்கு ஜிபிஎஸ்ஸை நம்பாமல், வீட்டுக்காரர் அனுப்பிய வழிக்குறிப்பை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போன் சிக்னல் வரும், போகும். திறந்த மூரில் வேக வரம்பு 40 மைல். இருட்டினால் அதுவும் அதிகம். ஆடும் மட்டக்குதிரையும் சாலையிலேயே படுத்திருக்கும்.

படி 4: மேலே ஏறும் முன் மளிகை

இதைத் தவறவிட்டால் முதல் இரவே பட்டினி. எக்ஸிட்டரிலோ ஓக்ஹாம்ப்டனிலோ டாவிஸ்டாக்கிலோ மூன்று நாளுக்கானதை வாங்கிவிட்டு ஏறுங்கள். ஞாயிறன்று பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும். நாலு மணிக்கே மூடிவிடுவது சாதாரணம். பருப்பு, புளி, சாம்பார்ப் பொடி, காய்ந்த கறிவேப்பிலை எல்லாம் வீட்டிலிருந்தே டப்பாவில் வரட்டும்.

தாளிப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்துங்கள். இல்லையென்றால் மிளகாய் கருகுவதற்குள் புகை அலாரம் அலறும். அதற்காக அலாரத்தைக் கழற்றி வைக்கக் கூடாது. அடுத்த படியில் விறகு அடுப்பு மூட்டப் போகிறோம்.

படி 5: அடுப்பு மூட்டுங்கள்

கல்வீடு வெயில் காலத்திலும் சில்லென்றிருக்கும். கண்ணாடிக் கதவு போட்ட விறகு அடுப்பு இருந்தால் இப்படி: காற்றுத் திறப்புகளை முழுக்கத் திறங்கள். கசக்கிய காகிதம், மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சுள்ளி. பற்றவைத்து, கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்து அருகிலேயே இருங்கள். சுள்ளி நன்றாகப் பிடித்த பிறகு ஒரு சின்னக் கட்டை. அது எரியத் தொடங்கியதும் கதவை மூடி, கீழ்த் திறப்பைக் குறையுங்கள். புது ஆட்கள் எல்லோரும் செய்யும் தப்பு, முதலிலேயே பெரிய கட்டையை வைத்துவிட்டு ஊதிக்கொண்டிருப்பது. நானும் செய்திருக்கிறேன், அறை முழுக்கப் புகை. ஈர விறகு வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாத விஷவாயு. அதற்கான அலாரம் சுவரில் இருக்கிறதா என்று வந்தவுடன் பாருங்கள். சாம்பலில் மறுநாள் வரை கங்கு இருக்கும், இரும்பு வாளியில் மட்டும் கொட்டுங்கள்.

பல வீடுகளுக்குச் செப்டிக் டேங்க்தான். பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஈரத் துடைப்பான்களும் கழிப்பறைக்குள் போகக் கூடாது.

படி 6: நடங்கள், ஆனால் சின்னதாக

முதல் நாள் ஹேடோர் போதும். 457 மீட்டர் உயரம், கார் நிறுத்தத்திலிருந்து புல்வெளியில் சின்ன ஏற்றம். பக்கத்திலேயே கிரானைட்டால் ஆன தண்டவாளம் தரையோடு கிடக்கும், 1820-இல் போட்டது. இரும்புக்குப் பதில் கல்லையே செதுக்கித் தடமாக்கி, குதிரைகள் வண்டி இழுத்திருக்கின்றன. 1831-இல் திறந்த லண்டன் பாலத்துக்கு இங்கிருந்து கல் போனது. மறுநாள் ஹவுண்ட் டோரும், அதன் கீழே இடைக்காலக் கிராமம் ஒன்றின் இடிந்த சுவர்களும்.

கையில் ஓஎஸ் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்28 காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம். கார் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தானே என்று ஒருமுறை இரண்டையும் காரிலேயே விட்டுவிட்டுப் போனேன். பத்து நிமிடத்தில் மூடுபனி இறங்கியது. காருக்கு முன்னூறு மீட்டரில் இருந்துகொண்டு முக்கால் மணி நேரம் சுற்றினேன்.

பளீரென்ற பச்சைப் பாசி அழகாக இருக்கும், கால் வைக்காதீர்கள், அடியில் சேறு. வடக்கு மூரில் ராணுவத் துப்பாக்கிப் பயிற்சித் திடல்கள் இருக்கின்றன. 621 மீட்டர் உயர ஹை வில்ஹேஸ், அதாவது டார்ட்மூரின் உச்சி, அதற்குள்தான் வருகிறது. சுடும் நேர அட்டவணை முன்பே இணையத்தில் வந்துவிடும். பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு தெரிந்தால் எல்லைக் கம்பங்களைத் தாண்டக் கூடாது. மட்டக்குதிரைக்குத் தீனி கொடுப்பது சட்டப்படி குற்றம். எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. பெரணிப் புதரில் நடந்தால் இரவில் கால்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். வழி தவறினாலோ அடிபட்டாலோ 999. முதலில் போலீஸ், அவர்களிடம் மலை மீட்புக் குழு என்று சொல்லுங்கள்.

படி 7: கிளம்பும் நாள்

பாத்திரம் கழுவி, குப்பையைச் சொன்ன தொட்டியில் போட்டு, சாவியைப் பெட்டியில் வைத்தால் வேலை முடிந்தது. மூரில் இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் விடிகம் (Widecombe) கிராமத்தில் நிறுத்தி, ஸ்கோன் என்ற பன் போன்ற ரொட்டியும் டீயும் சாப்பிடுங்கள். டெவனில் முதலில் க்ரீம், அதன் மேல் ஜாம். மாற்றிப் பூசினால் பக்கத்துக் கார்ன்வால்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள்.