பின்முற்றத்துக்குக் கான்கிரீட் தளமா? முதலில் வாட்டம் (சரிவு) பாருங்கள்

டிசைன் படங்களைப் புரட்டும் முன், மழைநீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் சுவரோரம் தேங்கி அஸ்திவாரத்தில் இறங்கும்.

வழவழப்பான தளம் படத்தில் அழகு. ஈரக்காலோடு நடந்தால் வழுக்கும். கான்கிரீட் இறுகும் முன் துடைப்பத்தை ஒரே திசையில் இழுத்துச் சொரசொரப்பாக்கிய தளம்தான் என் தேர்வு. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வேறு யோசனையே வேண்டாம். அடர்நிறம் வெயிலில் காலைச் சுடும்.

4 அங்குலத் தடிமன் உள்ள தளத்தில் 8 முதல் 10 அடிக்கு ஒரு ஜாயின்ட், அதாவது தளத்தின் குறுக்கே ஒரு கோடு, 1 அங்குல ஆழத்தில் வெட்டச் சொல்லுங்கள். விரிசல் பெரும்பாலும் அந்தக் கோட்டோடு அடங்கிவிடும். கோடுகளை டிசைனோடு சேர்த்தே வரைந்தால் கட்டம் கட்டமாக அழகாகவும் இருக்கும்.