புயல் பருவத்தில் கரீபியன் கப்பல் சுற்றுலா: முன்பதிவு செய்யுமுன்

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. செப்டம்பர் நடுப்பகுதியை ஒட்டியே அது உச்சத்தை அடைகிறது. மியாமியிலிருந்து புறப்படும் கப்பல்களின் கட்டணம் அந்த வாரங்களில் குறைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது பால்கனியின் அழகைவிட அறை அமைந்திருக்கும் இடத்தையே முதலில் பாருங்கள். கப்பலின் நீளத்தில் நடுவிலும், உயரத்தில் கீழ்த்தளங்களிலும் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவாக இருக்கும். முன்முனையில் மேல்தளத்தில் உள்ள அறையோ, விலை கூடுதலாக இருந்தாலும், அலை எழும் இரவில் ஊஞ்சலாகிவிடும். கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் நீளும் நிலைப்படுத்தித் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைத் தணிக்குமே தவிர, முன்னும் பின்னும் தூக்கிப் போடும் அசைவை அவற்றால் பெரிதாகக் குறைக்க இயலாது. குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, தலை சுற்றத் தொடங்குமுன்பே உட்கொள்வது நல்லது.

புயல் நெருங்கினால் கப்பல் பெரும்பாலும் பயணத்தை ரத்து செய்யாமல் வழியை மாற்றிக்கொள்ளும்; கிழக்குத் தீவுகளுக்குப் பதிலாக நீங்கள் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் இறங்க நேரலாம். பயணச்சீட்டு ஒப்பந்தம் பொதுவாக இதற்கு இடமளிப்பதால் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. காப்பீட்டை முன்பதிவின்போதே எடுத்துவிடுங்கள், ஏனெனில் புயலுக்குப் பெயர் சூட்டப்பட்ட பிறகு வாங்கும் காப்பீடு பொதுவாக அந்தப் புயலின் இழப்பை ஏற்பதில்லை. புறப்படும் துறைமுகத்துக்கு ஒருநாள் முன்பே சென்று சேருங்கள். துறைமுகம் மூடப்பட்டால் திரும்புவதும் தாமதமாகலாம் என்பதால், வழக்கமான மருந்துகளை இரண்டு மூன்று நாள்களுக்குக் கூடுதலாகக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.