தேர்தல் நேரத்தில் சபை இரண்டாகாமல் இருக்க என்ன செய்யலாம்

தமிழ்நாட்டுச் சபைகளுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. நம் ஊரில் பெரிய தேர்தல்கள் பெரும்பாலும் லெந்து நாட்களிலோ (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) ஈஸ்டரை ஒட்டியோதான் வந்து விழுகின்றன. 2019 மக்களவைத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு நாள் பெரிய வியாழன், பெரிய வெள்ளிக்கு முந்தின நாள். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஏப்ரல் 4 ஈஸ்டர், ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, அதாவது உயிர்த்தெழுந்த ஞாயிறு சாயங்காலம்தான் மைக் சத்தம் ஓய்ந்தது. 2024லும் அதே கதை, பெரிய வெள்ளி மார்ச் 29, ஓட்டு ஏப்ரல் 19. ஆக, லெந்து கூட்டத்தில் ஒப்புரவைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அதே ஆட்கள் ராத்திரி பதினொரு மணிக்கு சபை வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுகிறார்கள்.

இதை எழுதுவது சேகரக் கமிட்டியில் (ஒரு போதகரின் கீழ் வரும் சபைகளின் நிர்வாகக் குழு) இருப்பவர்களுக்கும், குழு அட்மின்களுக்கும், வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்களுக்கும். நான் பழகியது சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை என்பதால் வார்த்தைகள் அந்தப் பக்கமாகவே வரும், மற்ற சபைக்காரர்கள் உங்கள் வழக்கத்துக்கு மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

முதலில், சண்டை எதனால் என்று பாருங்கள்

இரண்டு பேர் கட்சியைச் சொல்லி மோதுகிறார்கள் என்றால், உடனே கட்சிதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். தேர்தல் முடிந்த மறுநாள் இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். மாட்டார்கள் என்றால் விஷயம் வேறு. சாதியாக இருக்கலாம், போன டயோசிஸ் தேர்தலில் (திருமண்டல நிர்வாகத்துக்குச் சபையார் நடத்தும் தேர்தல்) எதிரெதிர் அணியில் நின்றதாக இருக்கலாம், மிஷன் பள்ளியில் யார் வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்பதாக இருக்கலாம். கட்சி, ஏற்கெனவே இருக்கிற பிளவுக்கு ஒரு கொடி கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அதிலும் சாதியை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நடுவில் சுவரே இருந்தது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்தபோது வழக்கு நீதிமன்றம் வரை போனது. இன்றைக்கும் கல்லறைத் தோட்டம் தனித்தனியாக இருக்கிற ஊர்கள் உண்டு. அப்படி ஒரு ஊரில் "தேர்தல் நேரத்தில் ஒற்றுமையாக இருப்போம்" என்று பீடத்திலிருந்து சொன்னால் பின்பெஞ்சில் இருப்பவர் என்ன நினைப்பார்?

"சபையில் அரசியல் பேசக்கூடாது" என்ற விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது, 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியில்தான். ஒரு தலித் சகோதரர் இதைப் பற்றி எந்த வேட்பாளர் என்ன சொல்கிறார் என்று கேட்டால், அது அவருக்குப் பிள்ளையின் கல்லூரி சீட். அவரைப் பார்த்து "இங்கே அரசியல் வேண்டாம் தம்பி" என்று சொல்கிறவருக்கு அது வெறும் தொந்தரவு. அவரை உட்கார வைத்துவிட்டுக் கிடைக்கிற அமைதிக்கு ஒற்றுமை என்று பேர் வைக்காதீர்கள். கட்சிக்கு ஆள் சேர்ப்பது வேறு, தன் கஷ்டத்தைச் சொல்வது வேறு. கமிட்டி இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

வாட்ஸ்அப் குழு

சபை உடைகிற இடம் இப்போதெல்லாம் பெரும்பாலும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே விதியைப் போட்டுவிடுங்கள். சண்டை வந்த பிறகு விதி போட்டால், அது யாரோ ஒருவரைக் குறிவைத்துப் போட்டதாகத்தான் தெரியும். விதி இரண்டு வரி போதும்: "இந்தக் குழு ஆராதனை நேரம், இறப்புச் செய்தி, ஜெப விண்ணப்பம், ரத்தம் தேவை போன்ற அறிவிப்புகளுக்கு. எந்தக் கட்சியின் ஆதரவுப் பதிவும் எதிர்ப்புப் பதிவும் நீக்கப்படும், யார் போட்டாலும்." கடைசி இரண்டு வார்த்தைகள் முக்கியம். கமிட்டிச் செயலாளர் போட்டாலும், ஐயரின் (சபைப் போதகரின்) மச்சான் போட்டாலும் நீக்க வேண்டும். அட்மின்களாக இரண்டு பேரையாவது வையுங்கள், இரண்டு பேரும் ஒரே கட்சி ஆதரவாளர்களாக இருக்கக்கூடாது. ஊருக்குள் யார் எந்தக் கட்சி என்று தெரியாதா என்ன.

பதிவை நீக்கிவிட்டுச் சும்மா இருந்தால் போட்டவர் மனசில் அது கிடந்து புகையும். அன்றைக்கே போன் போடுங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், அதை நாலு பேருக்கு அனுப்புவார்கள். பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"அண்ணாச்சி, நல்லா இருக்கீங்களா? அந்த வீடியோவை நான்தான் எடுத்தேன், உங்ககிட்ட சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்."

"ஏன், அதுல என்ன பொய் இருக்கு? நம்ம கோயிலை இடிச்சதைத்தான காட்டுறான்."

"பொய்யா மெய்யான்னு எனக்கும் தெரியாது அண்ணாச்சி. எந்த ஊர், எப்ப நடந்ததுன்னு அதுல ஒண்ணும் போடலையே. உண்மையா இருந்தா ஞாயித்துக்கிழமை ஜெபத்துல வைப்போம், ஐயர்கிட்ட நானே சொல்றேன்."

இதில் கவனிக்க வேண்டியது, அவர் பயத்தை நீங்கள் கேலி செய்யவில்லை. தேவாலயங்கள் தாக்கப்பட்ட செய்திகளை வாசித்துவிட்டுத் தூங்க முடியாமல் இருக்கிற பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மணிப்பூரில் 2023இல் நடந்ததை யாரும் கற்பனை செய்துவிடவில்லை. பயம் உண்மை, அவர் அனுப்பிய வீடியோ மட்டும் எங்கேயோ எப்போதோ எடுத்ததாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிட்டால், அடுத்த வீடியோவை நீங்கள் இல்லாத இன்னொரு குழுவில் போடுவார். அந்த இன்னொரு குழு உருவாகிவிட்டால் அப்புறம் சபையை ஒட்டுவது கஷ்டம்.

வாலிபர்கள் விஷயத்தில் வேறு மாதிரி. அவர்கள் குழுவில் சண்டை போடமாட்டார்கள், ஸ்டேட்டஸ் வைப்பார்கள். அதைப் போலீஸ் மாதிரி பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சொந்த ஸ்டேட்டஸில் அவர் என்ன வைத்தாலும் அது அவருடைய உரிமை. ஆனால் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராகவோ பாடகர் குழு லீடராகவோ இருப்பவர் எதிர்க்கட்சிக்காரர்களை நாயே பேயே என்று எழுதினால், அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவும் அதைப் படிக்கிறார்கள் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

வேட்பாளர் ஆலயத்துக்கு வந்தால்

வருவார். குருத்தோலை ஞாயிறு என்றால் கண்டிப்பாக வருவார், கேமராவோடு.

சட்டம் என்ன சொல்கிறது என்று கமிட்டிக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். வழிபாட்டு இடங்களைத் தேர்தல் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. மத நிறுவனங்களின் இடத்தை அரசியல் நடவடிக்கைக்கு விடுவதைத் தடுக்க 1988இல் தனிச் சட்டமே போட்டார்கள், பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் அதில் சிக்கல். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவில் முறைகேடு. வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அதே கணக்குத்தான் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது. ஆகவே "நம்ம கிறிஸ்தவப் பையன், பார்த்துச் செய்யுங்க" என்று பீடத்தில் சொல்வது அவருக்கே வினையாக முடியலாம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். வாசலில் இரண்டு கமிட்டி உறுப்பினர்கள் நிற்கட்டும். "வாங்கய்யா, உள்ளே உட்காருங்க, கட்சித் துண்டை மட்டும் வண்டியில வச்சிட்டு வந்திடுங்க" என்று மரியாதையாகச் சொல்லட்டும். பெஞ்சில் இடம் உண்டு, மைக் கிடையாது, பொன்னாடை கிடையாது, பெயர் சொல்லி வரவேற்பும் கிடையாது. பொன்னாடை போர்த்தாமல் விட்டால் கோபித்துக்கொள்வாரே என்று பயப்படுகிறவர்களுக்கு: முதலில் வந்தவருக்குப் போர்த்திவிட்டால் அடுத்து வருகிறவருக்கும் போர்த்த வேண்டும், மூன்றாவது ஆளின் கட்சி உங்களுக்கே பிடிக்காமல் இருக்கும், அப்போது என்ன செய்வீர்கள்? யாருக்கும் இல்லை என்பதுதான் சுலபம். ஆராதனை முடிந்து காம்பவுண்டுக்கு வெளியே அவர் யாரோடு வேண்டுமானாலும் கை குலுக்கட்டும்.

ஐயருக்கும் ஓட்டு உண்டு, கருத்தும் உண்டு. ஆனால் ஜெபத்தில் அது கசியும். "தேவனே, இந்த தேசத்தை அழிக்கிற சக்திகளை..." என்று ஆரம்பித்தால் யாரைச் சொல்கிறார் என்று சபைக்குத் தெரியும், பாதிப் பேர் சத்தமாக ஆமென் சொல்வார்கள், பாதிப் பேர் கண்ணைத் திறந்துவிடுவார்கள். 1 தீமோத்தேயு 2இல் பவுல் ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொன்னது ரோம ஆட்சிக் காலத்தில். பதவியின் பெயரைச் சொல்லி ஜெபிக்கலாம்: முதலமைச்சர், பிரதமர், நம் தொகுதி உறுப்பினர், வாக்குச்சாவடியில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள். ஆட்சி மாறினாலும் ஜெபத்தின் வார்த்தையை மாற்ற வேண்டியிருக்காது.

ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்

எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டே இருந்தால் புழுங்கிப்போகும். வாக்குப்பதிவுக்கு மூன்று நாலு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆலயத்துக்குள் வேண்டாம், யாராவது வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து பேரைக் கூப்பிடுங்கள். கட்சிப் பெயரை விட்டுவிட்டு, இந்தத் தேர்தலில் உன் வீட்டுக்கு எது பிரச்சினை என்று மட்டும் ஒவ்வொருவரும் சொல்லட்டும். மீன்பிடித் தடைக்கால நிவாரணம், பீடி சுற்றுகிறவர்களின் கூலி, சிறுபான்மைப் பள்ளிகளில் ஆசிரியர் நியமனம், டாஸ்மாக் என்று வரும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக்கூடாது. இதில் யாரும் கட்சி மாறப்போவதில்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் ஏன் அங்கே நிற்கிறார் என்பது தெரியும், அது போதும்.

இதற்கு நம் சபையின் வரலாற்றிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1919இல் தரங்கம்பாடியில் கூடியவர்கள், அவர்களில் பேராயர் அசரியாவும் ஒருவர், பிரிந்து கிடக்கிற சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27இல், சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில். நடுவில் 28 வருஷம் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேராயர் வேண்டுமா வேண்டாமா, யார் கை வைத்து யாருக்குக் குருப்பட்டம் என்றெல்லாம் இழுபறி. கடைசியில் ஒப்பந்தத்தோடு ஒரு வாக்குறுதியையும் சேர்த்துக்கொண்டார்கள்: எந்தச் சபையின் மேலும் அதன் மனச்சாட்சிக்கு விரோதமான ஆராதனை முறையையோ ஊழியரையோ திணிப்பதில்லை. அந்தச் செப்டம்பரில்தான் பஞ்சாபில் மதத்தின் பெயரால் ரத்த ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பெரிய கருத்து வேறுபாடுகளைத் தீர்த்துவிட்டு அவர்கள் சேரவில்லை, திணிக்கமாட்டோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சேர்ந்தார்கள். உங்கள் மொட்டை மாடிக் கூட்டத்துக்கும் அந்த ஒரு விதி போதும்.

டயோசிஸ் தேர்தலைப் பற்றியும் கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால் சட்டமன்றத் தேர்தலைவிட இதில்தான் சபைகள் அதிகம் உடைகின்றன, காசு விளையாடுகிறது, வழக்குகள் வருஷக்கணக்கில் நடக்கின்றன. அதற்குத் தனியாகத்தான் எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும்: இரண்டு அணித் தலைவர்களையும் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுங்கள், ஒருவர் வந்தால் நான் வரமாட்டேன் என்று சொல்கிறவருக்காகப் பட்டியலை மாற்றாதீர்கள்.

முடிவு வந்த பிறகு

ஜெயித்தவர்கள் ஆலய வாசலில் வெடி போடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கோயில் தெருவில் போட்டால் தடுக்க முடியாது, விட்டுவிடுங்கள். தோற்ற பக்கம் இருப்பவர்களில் ஒருவர் இரண்டு வாரம் ஆராதனைக்கு வராமல் இருந்தால் உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், அவரோடு அதிகம் மோதியவரையும் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் நல்லது. முதல் தடவை காப்பி குடித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தாலே போதும்.

அடுத்து அசனம் வரும், சபையார் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் பொது விருந்து. வேலைப் பட்டியல் எழுதும்போது ஆட்களை வேண்டுமென்றே கலந்து போடுங்கள். வழக்கமாகக் கறி வெட்டுவது ஒரு தெரு, சோறு வடிப்பது ஒரு தெரு, பந்தி பரிமாறுவது ஒரு தெரு என்று இருக்கும், அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த வருஷம் மூன்று வேலைக்கும் மூன்று தெருவிலிருந்தும் பெயர் எடுங்கள். முணுமுணுப்பு வரும். "அவனுக்கு என்ன தெரியும், சோத்தைக் குழைய விட்டுருவான்" என்பார்கள். குழைந்தாலும் பரவாயில்லை, பட்டியலை மாற்றாமல் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள்.